சிறு பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது: எல்லையோரத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்து அங்கன்வாடிகளிலும் வாசகசாலைகளிலும் கூட்டம் கலைந்த பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்கப்படும் சந்தேகங்கள் இவை. மூணாறு, வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயங்களிலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஏறக்குறைய இவற்றையேதான் கேட்கிறார்கள். பிறந்த குழந்தை முதல் எட்டு வயதுப் பிள்ளை வரை உள்ள வீடுகளுக்கான பதில்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம்.

வாசிச்சுக் காட்டறதுன்னா என்னங்க? எழுத்து சொல்லித் தர்றதா?

எழுத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, படத்தைக் காட்டி, அச்சில் உள்ளதைக் குரலில் சொல்லி, நடுநடுவே இரண்டு பேரும் பேசிக்கொள்வது, அவ்வளவுதான். 'அ'னா 'ஆ'வன்னா பள்ளிக்கூடத்தில் வரும்போது வரட்டும்.

வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பிள்ளையிடம் நாம் பேசுவதைக் கவனித்தால் "வா, தின்னு, குளி, அதைத் தொடாத, அங்க போகாத" என்ற வட்டத்துக்குள்ளேயே பெரும்பாலும் சுற்றும். புதர், ஓடை, பதுங்கினான், ஏமாந்து போனது, மினுமினுத்தது போன்ற சொற்கள் கதைக்குள்தான் வருகின்றன. அவற்றைக் காது முதலில் சேர்த்து வைத்திருந்தால், பின்னால் கண் அதே சொல்லை எழுத்தில் சந்திக்கும்போது அடையாளம் கண்டுகொள்ளும். காதுக்குத் தெரியாத சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தாலும் பொருள் வராது.

எம்பொண்ணுக்கு நாலு மாசந்தான் ஆகுது. அதுக்கு என்னங்க தெரியும்? இப்பவே படிக்கணுமா?

படிக்கலாம். கருவிலேயே ஆறாம் மாத வாக்கில் குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும். பிறக்கும்போதே அம்மாவின் குரலைத் தெரிந்துகொண்டுதான் பிறக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே வாசித்துக் காட்டச் சொல்லிப் பெற்றோருக்கு அறிவுறுத்த வேண்டும் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது.

பச்சிளங்குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும், அதிலும் கறுப்பு வெள்ளையாகப் பளிச்சென்று இருப்பவை. ஆகவே படத்தை முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். நாலு மாதத்தில் இரண்டு மூன்று நிமிடம் போதும். கதைகூட வேண்டாம்: "இது மாடு. ம்ம்மா. இது பாப்பா. பாப்பா சிரிக்குது" என்பதே வாசிப்பு. அது "ங்ங்கு" என்றால் நிறுத்தி, அதன் முகத்தைப் பார்த்துப் பதிலுக்கு நீங்களும் ஏதாவது சொல்லுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால், முதுகை வளைத்தால், கண்ணைக் கசக்கினால் அன்றைக்கு முடிந்தது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? நாங்க ரெண்டு பேருமே வேலைக்குப் போறோமே.

ஒரு வயதுக்குள் இரண்டு மூன்று நிமிடம், இரண்டு தடவை. இரண்டு வயதில் ஒரே மூச்சாக ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் நல்ல நாள். மூன்று முதல் ஐந்து வயதுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம் உட்காருவதைவிடத் தினம் ஐந்து நிமிடம் நிற்கும், ஏனென்றால் பிள்ளை அந்த நேரத்தை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும்.

நேரத்தைக் கடிகாரத்தில் குறிக்காதீர்கள், தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். கோயம்புத்தூருக்கு கம்பெனி பஸ் ஏறுபவர்களுக்கு ராத்திரிப் பாய் விரித்த பிறகு. கொழுந்து பறித்துவிட்டு நாலரை ஐந்துக்கு லயத்துக்குத் திரும்புகிறவர்களுக்குச் சாயந்திரக் குளியலுக்கும் சோற்றுக்கும் நடுவில். காலையில் பால் கறக்கும் வீட்டில் காலை நேரம் சரிவராது. மழைக்காலத்தில் கரண்ட் போய்விட்டால் சார்ஜ் விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய் விளக்கு பக்கத்தில் குழந்தையும் காகிதமும் வேண்டாம். விளக்கே இல்லையென்றால் நேற்று வாசித்த கதையை இருட்டில் வாயால் சொல்லுங்கள், அதுவும் கணக்கில் சேரும்.

எப்படி வாசிக்கறதுன்னு ஒருக்கா தெளிவாச் சொல்லுங்க.

முதலில் நீங்கள் மட்டும் ஒரு தடவை மனசுக்குள் படித்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை, ஆனால் இதைச் செய்யாததால்தான் பாதி வாசிப்பு தட்டுத் தடுமாறுகிறது. பிறகு பிள்ளையின் முதுகு உங்கள் நெஞ்சில் சாய, புத்தகம் இரண்டு பேருக்கும் முன்னால் இருக்கும்படி உட்காருங்கள். மூன்று வயதுக்கு மேல் எதிரெதிராகவும் உட்காரலாம்; அப்போது படம் பிள்ளையைப் பார்த்து இருக்க வேண்டும், தலைகீழாக வாசிக்க வேண்டியது உங்கள் பாடு. அட்டையைக் காட்டிப் பெயரைச் சொல்லுங்கள். எழுதியவர், படம் வரைந்தவர் பெயரையும் சொல்லுங்கள். புத்தகத்தை ஒரு ஆள் செய்கிறார் என்பது பிள்ளைக்கு இப்படித்தான் தெரியவரும். "இதுல என்ன நடக்கும்னு நினைக்கிற?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பேசும் வேகத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள். பக்கத்தைத் திருப்பியதும் உடனே வாயைத் திறக்காமல், பிள்ளை படத்தைப் பார்த்து முடிக்கட்டும். அவசரமாகப் பக்கம் திருப்புவதுதான் எல்லாரும் செய்கிற பிழை. வரிக்குக் கீழே விரலை ஓட்டுவதைப் பக்கத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். ஒவ்வொரு சொல்லாகக் குத்திக் காட்டினால் கதை செத்துப்போகும்.

பேச்சுதான் இதில் முக்கியமான பங்கு. "இது மாடா?" என்று கேட்டால் "ஆமா" என்பதோடு முடிந்துவிடும். "மாடு என்ன பண்ணுது?" என்று கேளுங்கள். கேட்ட பிறகு மனசுக்குள் ஐந்து வரை எண்ணும் நேரம் பொறுங்கள். சின்னப் பிள்ளைக்குச் சொல்லைத் தேடி எடுக்க அவ்வளவு நேரம் ஆகும், நாமோ இரண்டு நொடியில் நாமே பதில் சொல்லிவிடுகிறோம். "மாடு புல்லு" என்று அது சொன்னால், "ஆமா, செவலை மாடு வரப்புல புல்லு மேயுது" என்று நீட்டிச் சொல்லுங்கள். பிள்ளை சொன்னதோடு இரண்டு மூன்று சொற்கள் கூட்டினால் போதும், பத்துச் சொல் கூட்டினால் அது பிரசங்கம். இப்படிப்பட்ட கேள்வி கதைக்கு மூன்று நான்கு இருந்தால் சரி. பக்கத்துக்குப் பக்கம் கேட்டால் அடுத்த நாள் புத்தகத்தைக் கண்டாலே ஓடும்.

உக்காரவே மாட்டேங்குது. பொஸ்தகத்தைப் புடுங்கிக் கடிக்குது, கிழிக்குது.

ஒன்றரை வயது வரை வாய்தான் அதற்குக் கை, கண் எல்லாம். கடிக்கக் கெட்டி அட்டைப் புத்தகமோ துணிப் புத்தகமோ ஒன்றைக் கொடுத்துவிட்டு, மெல்லிய காகிதப் புத்தகத்தை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிழிப்பது பெரும்பாலும் குறும்பு இல்லை, ஒற்றைத் தாளைப் பிடித்துத் திருப்ப விரலுக்கு இன்னும் வசப்படவில்லை. கிழிந்ததை அதன் கண்முன்னாலேயே ஒளி ஊடுருவும் டேப்பால் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். அலமாரியில் பூட்டி வைத்த புத்தகம் கிழியாது, யாரும் வாசிக்கவும் மாட்டார்கள்.

உட்காராத பிள்ளைக்கு நடக்கும்போதே வாசியுங்கள். அது வண்டி ஓட்டட்டும், குட்டிக்கரணம் போடட்டும். காது இங்கேதான் இருக்கும். சோதிக்க வேண்டுமானால் ஒரு வரியை மாற்றிச் சொல்லிப் பாருங்கள், திரும்பிப் பார்க்கும். விலங்குக் குரல், தட்டல், "டமால்" போன்ற ஓசைகள் உள்ள புத்தகங்கள் இவர்களுக்குப் பொருந்தும். உட்கார வைக்க அடித்தீர்களென்றால் புத்தகமும் அடியும் ஒன்றாகவே மனசில் பதியும்.

ஒரே கதையைத் தெனமும் கேட்கிறான். எனக்கே சலிச்சுப் போச்சு.

உங்களுக்குத்தான் ஒரே கதை. முதல் தடவை அவன் படத்தைப் பார்த்தான். மூன்றாம் தடவை யார் என்ன செய்தார்கள் என்று பிடித்தான். ஆறாம் தடவை அடுத்து வருவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் சுகம். புதுச் சொல் ஒன்று சொந்தச் சொல்லாக ஆவது இப்படித் திரும்பத் திரும்பக் கேட்பதில்தான்.

சலிப்பைக் குறைக்க ஒரு வழி: ஐந்தாம் தடவையிலிருந்து வரியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு நிறுத்துங்கள். "முயல் குடுகுடுன்னு…" என்றால் அவன் "ஓடுச்சு" என்பான். பிறகு பாதி வரி, பிறகு ஒரு பக்கம் முழுக்க அவன் சொல்ல நீங்கள் கேட்கலாம். இரண்டு புத்தகம் வாசிக்கும் நாளில் ஒன்று அவன் தேர்வு, ஒன்று உங்கள் தேர்வு என்று வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் நியாயம்.

நான் அஞ்சாவதுதான் படிச்சேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். புள்ள தப்பாக் கத்துக்காதா?

கத்துக்காது. நீங்கள் திக்கினால் பிள்ளைக்குத் தெரிவது, எழுத்தைப் பார்த்துச் சொல்லைக் கண்டுபிடிக்கலாம் என்பது. அது தப்பான பாடம் இல்லை. பக்கத்துக்கு ஒரு வரி மட்டும் உள்ள புத்தகத்தை எடுங்கள். பகலில் மூத்த பிள்ளையையோ அங்கன்வாடி டீச்சரையோ ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டால், ராத்திரி உங்களுக்கு அது பாதி மனப்பாடம். புரியாத சொல்லைத் தாண்டிப் போகலாம், படத்தைப் பார்த்துச் சொந்தமாக ஒரு வரி சொல்லலாம். தேர்வு மேற்பார்வையாளர் யாரும் வீட்டில் இல்லை.

பகல்ல எங்க ஆத்தாதான் பாத்துக்கறாங்க. அவங்களுக்குப் படிக்கவே தெரியாது.

அவர்களிடம் அச்சு இல்லை, கதை இருக்கிறது. சொல்கதை, விடுகதை, தாலாட்டு மூன்றும் சொல் சேர்ப்பதில் புத்தகத்துக்குக் குறைந்தவை இல்லை. எழுத்தே இல்லாத படப் புத்தகங்களும் இருக்கின்றன. ஒன்றை ஆத்தா கையில் கொடுங்கள். படத்தில் ஒரு கிழவன் இருந்தால் அவன் ஒரு நாள் சந்தைக்குப் போவான், அடுத்த நாள் அதே படத்தில் மகள் வீட்டுக்குப் போவான். ஆத்தா சொல்லும் ஒரு கதையை யாராவது நோட்டில் எழுதி, பிள்ளையைப் படம் வரையச் சொன்னால் அதுவே வீட்டுப் புத்தகம் ஆகும்.

பொஸ்தகத் தமிழ் வேற, நாம பேசற தமிழ் வேற. எதுல வாசிக்கறது?

தமிழ்ப் பெற்றோர் எல்லாருக்கும் உள்ள சிக்கல் இது, எல்லையோரத்தில் இன்னும் கூர்மை. அச்சில், "மழை பெய்துகொண்டிருந்தது. கண்ணன் கூரையின் கீழ் ஒதுங்கி நின்றான்" என்று இருக்கும். இரண்டு வயதுக்குள் அதை அப்படியே வாசித்தால் பிள்ளைக்கு அது அந்நிய மொழி. "மழை பேஞ்சுட்டு இருந்துச்சு. கண்ணன் கூரைக்கு அடியில ஒதுங்கி நின்னான்" என்று பேச்சாக்கிச் சொல்லுங்கள்.

இரண்டரை, மூன்று வயதில் புதுக் கதையை முதல் இரண்டு தடவை பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். கதை பழகிய பிறகு மூன்றாம் தடவை அச்சில் உள்ளபடி வாசியுங்கள். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் "நின்றான்" என்றால் "நின்னான்" என்று பிள்ளை தானாகவே பொருத்திக்கொள்ளும், விளக்கம் சொல்லத் தேவையில்லை. நாலு வயதுக்கு மேல் கதை சொல்பவரின் வரிகளை அச்சுத் தமிழிலும், கதாபாத்திரங்கள் பேசுவதை நம் ஊர்ப் பேச்சிலும் வாசித்தால் நன்றாகப் பொருந்தும். நரி கொங்குத் தமிழில் பேசினால் யாருக்கும் நட்டம் இல்லை.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வகுப்பில் எழுத்தெல்லாம் தெரிந்த பிள்ளைகூட "வருகின்றது", "வீட்டிற்கு", "சென்றனர்" என்ற இடங்களில் முட்டிக்கொண்டு நிற்கும். எழுத்து தெரியாமல் இல்லை, அப்படி ஒரு சொல்லைக் காது கேட்டதே இல்லை. எப்போதும் பேச்சுத் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தால் இந்த இடைவெளி நிரம்பாது. எப்போதும் அச்சுத் தமிழிலேயே வாசித்தால் கதை பாடமாகிவிடும். கலந்து கொடுப்பதுதான் வழி.

வீட்ல தமிழ், அங்கன்வாடியில மலையாளம். ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்க மாட்டானா?

கலப்பான், குழம்ப மாட்டான். இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளைகள் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் போடுவது வளர்ச்சியின் ஒரு கட்டம். யாரிடம் எது செல்லும் என்று மூன்று நான்கு வயதுக்குள் நன்றாகவே பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தெருவில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர்.

தமிழும் மலையாளமும் பக்கத்துப் பக்கத்து வீடு என்பதால் சில சொற்கள் மட்டும் காலை வாரும். மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர், நமக்கு ஊரை அடித்துக்கொண்டு போவது. அங்கே பட்டி என்றால் நாய், இங்கே ஆடு அடைக்கும் இடம். பூச்ச என்றால் பூனை. தமிழ்க் கதையில் பூச்சி வரும்போது பிள்ளை பூனையைத் தேடும். இவை கதையில் வந்தால் நிறுத்தி, படத்தைத் தொட்டு, "டீச்சர் இதை என்ன சொல்லுவாங்க? நாம என்ன சொல்லுவோம்?" என்று விளையாட்டாகக் கேளுங்கள். "எனக்கு வெள்ளம் வேணும்" என்று வீட்டில் கேட்டால் திருத்த வேண்டாம், "தண்ணியா? இந்தா தண்ணி" என்று கொடுத்தால் போதும்.

வரிக்கு வரி மொழிபெயர்த்து வாசிக்காதீர்கள். அப்படிச் செய்தால் பிள்ளை ஒரு மொழியைக் கேட்டுவிட்டு அடுத்ததுக்குக் காதை மூடிக்கொள்ளும். இருமொழிப் புத்தகமானால் இன்றைக்கு முழுக்கத் தமிழ், இன்னொரு நாள் முழுக்க மலையாளம். கதையைப் பின்தொடரும் பழக்கம் ஒரு மொழியில் வந்துவிட்டால் மற்றதற்கும் கூடவே போகும். மலையாளம் பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் எப்படியும் எதிரே வரும். அச்சுத் தமிழைப் பல பிள்ளைகளுக்கு வீட்டை விட்டால் கேட்க இடமில்லை, ஆகவே ராத்திரி நேரத்தைத் தமிழுக்கு ஒதுக்குவது நல்லது என்பது எங்கள் கருத்து.

எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும். படிச்சதெல்லாம் மலையாள மீடியம்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, மலையாளப் புத்தகத்தைப் படமாகப் பார்த்துக் கதையைத் தமிழில் சொல்வது. இன்னொன்று, தமிழ் தெரிந்தவர் ஒருவர் கதையை மெதுவாக வாசிக்க, நீங்கள் அதை மலையாள எழுத்தில் சின்னச் சீட்டுகளில் எழுதி அந்தந்தப் பக்கத்தின் அடியில் ஒட்டிக்கொள்வது. பன்னிரண்டு பக்கப் புத்தகத்துக்கு அரை மணி நேர வேலை. காதுக்குப் போவது தமிழ்தானே.

தமிழ் எழுத்து கற்க நினைப்பவருக்கு ஒரு குறிப்பு: மலையாளத்தில் க, ப போன்ற ஒவ்வொரு வரிசைக்கும் வல்லெழுத்து நான்கு, தமிழில் ஒரே எழுத்து. 'தம்பி'யில் வரும் ப வேறு, 'பால்' என்பதில் வரும் ப வேறு. இடம் பார்த்து ஒலி மாறும். பேச்சு முன்பே தெரிந்தவருக்கு இது தடை ஆகாது, சொல்லை அடையாளம் கண்டதும் ஒலி தானாக வரும்.

இங்கிலீஷ் மீடியத்துல சேர்க்கப் போறோம். இங்கிலீஷ் கதையே வாசிச்சா ஈசியா இருக்காதா?

உங்களுக்கு இங்கிலீஷ் சரளமாக வரும், அதில் திட்டவும் கொஞ்சவும் முடியும் என்றால் வாசியுங்கள். இல்லையென்றால் பிள்ளைக்குக் கிடைப்பது வாசிப்பு மட்டும், நான்காம் கேள்விக்குச் சொன்ன அந்தப் பேச்சு கிடைக்காது. "என்ன நினைக்கிற? ஏன் அப்படிப் பண்ணுச்சு?" என்று தடையில்லாமல் எந்த மொழியில் கேட்க முடிகிறதோ அதுதான் வாசிக்கும் மொழி. ஒரு வயதுப் பிள்ளைக்கு ஏ ஃபார் ஆப்பிள் அட்டை வாங்கிச் சுவரில் மாட்டுவதைப் பார்க்கிறோம். கெடுதல் இல்லை, ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு யாரும் பேசப் போவதும் இல்லை.

தமிழ்ப் புத்தகம் இங்க எங்க கெடைக்கும்? கடையில எல்லாம் மலையாளந்தான்.

முதலில் உங்கள் வாசகசாலையைக் கேளுங்கள். 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களோடு தொடங்கிய கிரந்தசாலை இயக்கத்தின் வழியில் வந்த நூலகங்கள்தான் இன்று கேரளம் முழுக்க நூலகக் கவுன்சிலின் கீழ் இருக்கின்றன. தரத்துக்கு ஏற்ப இவற்றுக்கு மானியம் வருகிறது, அதில் புத்தகம் வாங்கவும் பங்கு உண்டு. தமிழ்க் குழந்தைப் புத்தகம் வேண்டும் என்று பத்துப் பெற்றோர் கையெழுத்திட்டு, புத்தகப் பெயர்களோடு எழுதிக் கொடுங்கள். வெறுமனே "தமிழ்ப் புத்தகம் வேணும்" என்று கேட்டால் போட்டித் தேர்வுக் கையேடுதான் வரும். பல நூலகங்களில் பாலவேதி என்று பிள்ளைகள் பிரிவு இருக்கும்; ஜூன் 19 வாசிப்பு நாளையொட்டிக் கேட்டால் காது கொடுப்பார்கள், அது அந்த இயக்கத்தைத் தொடங்கிய பி.என். பணிக்கரின் நினைவு நாள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி, கோயம்புத்தூர் கடைகளும், கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவும் இருக்கின்றன. நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ், சென்னையின் தூலிகா ஆகியவை தமிழிலும் மலையாளத்திலும் படப் புத்தகங்கள் போடுகின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கவும் அனுமதி உண்டு. அங்கே நான்கு நிலைகள் இருக்கும். முதல் நிலை 250 சொற்களுக்குள், இரண்டாம் நிலை 600 வரை. மூன்று வயதுக்கு முதல் நிலையிலிருந்து தொடங்குங்கள். வரிகள் நீளமாக இருந்தால் சுருக்கிச் சொல்லுங்கள்.

காசு போட்டு வாங்க முடியாதுங்க. வீட்லயே செஞ்சுக்கலாமா?

செய்யலாம், சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். செருப்புப் பெட்டி அட்டையில் 15 செ.மீ. சதுரமாக ஆறு துண்டு வெட்டினால் பன்னிரண்டு பக்கம். மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள், கண்ணில் குத்தும். காலண்டர், விளம்பரத் தாள், பழைய கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றிலிருந்து படம். இல்லையென்றால் நீங்களே வரையுங்கள். பால் கேன், மொபெட், தென்னை, கொழுந்துக் கூடை, பஸ் என்று பிள்ளை தினம் பார்ப்பவையாக இருக்கட்டும். பக்கத்துக்கு ஒரு வரி, எழுத்து ஒரு செ.மீ. உயரம். ஒட்டிய பிறகு முழுப் பக்கத்தையும் அகல டேப்பால் மூடினால் எச்சில் இறங்காது.

ஓரத்திலிருந்து ஒன்றரை செ.மீ. உள்ளே தள்ளி இரண்டு துளை போட்டு நூல் கோர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் பக்கம் மல்லாந்து விரியாது, பிள்ளை இழுக்கும்போது துளையே கிழிந்துவிடும். நூல் நுனி விரல் நீளத்துக்கு மேல் தொங்கக் கூடாது. ஸ்டேப்ளர் பின் கூடவே கூடாது. மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடும் வழக்கம் உண்டு. அது விஷம், வாயில் வைக்கும் பிள்ளைக்குச் செய்யும் புத்தகத்தில் போடாதீர்கள். இதைவிடச் சுலபம்: ஸ்டுடியோவில் கொடுக்கும் நாலுக்கு ஆறு அங்குல போட்டோ ஆல்பம். அதில் வீட்டார் படங்களைச் செருகி, "அப்பாரு களத்துல நெல்லு காயப் போடறாரு" என்று ஒரு சீட்டும் வைத்துவிட்டால் புத்தகம் தயார்.

போன்ல கதை வீடியோ அழகழகா வருதே. நாம வாசிக்கறதைவிட அது நல்லாச் சொல்லுதே?

நன்றாகத்தான் சொல்லும், ஆனால் நிற்காது. பிள்ளை "மாடு புல்லு" என்று சொன்னதை அது கேட்காது, பதில் சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி ஒரு வயதுக் குழந்தை வரை திரையே தேவையில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் வாசித்துக் காட்டுவதையும் கதை சொல்வதையும் அதே வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

போனில் இறக்கிய கதையை நீங்கள் வாசிப்பது வேறு விஷயம், அது வாசிப்புதான். டேட்டாவை அணைத்துவிட்டு வாசியுங்கள். நடுவில் வாட்ஸ்அப் வந்தால் முதலில் பறிபோவது உங்கள் கவனம். அதைவிட ஜெராக்ஸ் கடையில் அச்சடித்துக்கொள்வது மேல். அப்பா வளைகுடாவில் இருக்கும் வீட்டில் வீடியோ கால் ஒரு நல்ல விதிவிலக்கு: ஒரே புத்தகத்தின் ஒரு பிரதி அங்கே, ஒரு பிரதி இங்கே. அவர் வாசிக்க, பிள்ளை இங்கே பக்கம் திருப்பும். லைன் கொஞ்சம் தாமதமாக வருவதால் கேள்விக்குப் பிறகு வழக்கத்தைவிட அதிகமாகப் பொறுக்கச் சொல்லுங்கள்.

ரெண்டு புள்ளைங்க. ஒண்ணு அஞ்சு வயசு, ஒண்ணு ஒன்றரை. ரெண்டுக்கும் சேத்து எப்படி?

சின்னதின் புத்தகத்தை முதலில், மூன்று நிமிடம். பெரியவளையே வாசிக்கச் சொல்லலாம். பிறகு பெரியவளின் கதை. அப்போது சின்னது கையில் கடிக்க ஒன்றைக் கொடுங்கள். அது பாதியில் எழுந்து போனால் போகட்டும். வாரத்தில் ஒரு நாளாவது பெரியவளுக்கு மட்டும் தனியாக வாசியுங்கள், இல்லையென்றால் அவள் என்றைக்குமே சின்னதின் அளவிலேயே நின்றுவிடுவாள்.

கதை முடிஞ்சதும் "இதுல இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட"ன்னு கேட்டா முழிக்கிறான். நீதி சொல்லித் தர வேண்டாமா?

வேண்டாம். அந்தக் கேள்வி வந்ததும் அவனுக்குப் புரிந்துவிடும், இதுவரை நடந்தது கதையில்லை, பரீட்சைக்கு முன்னுரை என்று. கதையில் பொய் சொன்னவன் மாட்டிக்கொண்டதை அவன் பார்த்துவிட்டான். திரும்பச் சொன்னால் அதன் காரம் போய்விடும். கேட்டே ஆக வேண்டுமானால் "உனக்கு யாரைப் பிடிச்சுது?" என்று கேளுங்கள். "நரியை" என்பான். அதில் திருத்த ஒன்றுமில்லை.

சில கதையில கறுப்புன்னா அசிங்கம்னு வருது. எம்பொண்ணு கறுப்பு. அப்படியே வாசிக்கறதா?

வாசிக்க வேண்டாம். முன்கூட்டியே ஒரு தடவை படிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று வயதுக்குள் என்றால் அந்தச் சொல்லையே மாற்றிவிடுங்கள், அல்லது புத்தகத்தையே மாற்றுங்கள். நாலைந்து வயதில் அச்சில் உள்ளதை வாசித்துவிட்டு, "இவங்க இப்படி எழுதியிருக்காங்க, எனக்குச் சரியாப் படல. உனக்கு?" என்று கேட்கலாம். அச்சில் வந்ததெல்லாம் சரி என்று நம்பாத பழக்கம் அதிலிருந்து வரும். அம்மா எப்போதும் அடுப்படியில், அப்பா எப்போதும் பேப்பரோடு என்று வரும் படங்களுக்கும் இதே வழிதான்.

ரெண்டு வயசாச்சு, இன்னும் பேச்சு வரல. நிறைய வாசிச்சா வந்துருமா?

வாசியுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" மாதிரி இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை, பெயரைக் கூப்பிட்டால் திரும்பவில்லை, முன்பு சொன்ன சொற்கள் நின்றுபோயின: இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் காதுகேட்பைச் சோதிக்க வேண்டும். அங்கன்வாடி டீச்சரிடமோ ஆஷாவிடமோ சொன்னால் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை முன்கூட்டியே கண்டறிந்து உதவ மாவட்ட அளவில் உள்ள டி.இ.ஐ.சி. மையத்துக்கு வழிகாட்டுவார்கள், பிறந்தது முதல் 18 வயது வரை பார்க்கும் அரசுத் திட்டம் அது, சோதனைக்குக் கட்டணம் இல்லை. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு" என்று காத்திருந்தால் இழப்பது ஒரு வருடம்.

இரண்டு மொழியால்தான் பேச்சு தாமதம் என்று யாராவது சொல்லித் தமிழை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மொழி பேச்சுத் தாமதத்துக்குக் காரணம் ஆவதில்லை. சொற்களை எண்ணும்போதும் இரண்டு மொழியையும் சேர்த்தே எண்ண வேண்டும்: தமிழில் எட்டு, மலையாளத்தில் ஏழு என்றால் பதினைந்து.

இப்ப ரெண்டாங்கிளாஸ். அவளே படிக்கிறா. நிறுத்திடலாமா?

இன்னும் சில வருடம் தொடருங்கள். அவள் கண்ணால் படிக்கும் புத்தகம் இருபது பக்கம், பெரிய எழுத்து. காதால் புரிந்துகொள்ளக்கூடியது அதைவிடப் பல படி மேலே. இப்போதுதான் அத்தியாயம் அத்தியாயமாகப் போகும் நீளக் கதைகளைத் தொடங்க வேண்டும், தினம் ஒரு அத்தியாயம், சுவாரசியமான இடத்தில் நிறுத்துவது. ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நீங்கள் என்றும் வாசிக்கலாம். அவள் ஒரு சொல்லில் தடுக்கினால் மூன்று நொடி பொறுங்கள், பிறகு நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டு மேலே போங்கள்.

நாலு வயசுல முழுப் பொஸ்தகமும் படிக்கிறான்னு ஊரெல்லாம் சொன்னேன். பாத்தா மனப்பாடம். ஏமாத்தறானா?

ஏமாற்றவில்லை, படிப்பதற்கு முந்தைய படியில் நிற்கிறான். பக்கம் எது என்று தெரிகிறது, எந்தப் படத்துக்கு எந்த வரி என்று தெரிகிறது, அச்சுத் தமிழின் நடையும் நாக்கில் வந்துவிட்டது. ஆறாம் கேள்விக்குச் சொன்னபடி திரும்பத் திரும்ப வாசித்ததன் பலன் இதுதான். படத்தை மூடிவிட்டு நடுவில் ஒரு சொல்லைக் காட்டி "இது என்ன சொல்லு பாக்கலாம்" என்று விருந்தாளிகள் முன்னால் கேட்காதீர்கள். அவன் வாசிக்கும்போது சும்மா விரலை வரிக்குக் கீழே ஓட்டுங்கள். ஒரு நாள் வாய் சொல்வதற்கும் விரல் நிற்கும் இடத்துக்கும் பொருந்தாமல் போகும். அவனே நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து வருவான். எழுத்தைப் பார்க்கத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.